ஈரத்துணியின் கடைசி ஆல்பம்

என் அக்கா முத்தாரம்மாளுக்கு ஒரே மகன், நீலகண்டன். நாற்பத்தாறு வயது. கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே பிழை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவன் உத்தியோகம். வீட்டில் அதே உத்தியோகத்தை அவன் விஷயத்தில் அக்கா சம்பளமில்லாமல் பார்த்து வருகிறாள்.

அவனுக்கு எதிலும் அவசரம் கிடையாது. பிறந்ததே டாக்டர் சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் பிந்தித்தான். பேச்சு மூன்று வயதில் வந்தது. வந்ததும் அம்மா என்று சொன்னானா, அப்பா என்று சொன்னானா? மேலே சுற்றுகிற ஃபேனைக் காட்டி, "நாலாவது சுத்துல மட்டும் டக்குனு சொல்லுது, ஏன்?" என்று கேட்டான். அத்தான் ஏணி போட்டு ஏறி அதைச் சரி பண்ணினார். பிள்ளை ரெண்டு நாள் சாப்பிடவில்லை. ஏறி மறுபடியும் கெடுத்து வைத்த பிறகுதான் சோறு இறங்கியது.

வலியசாலையில் ஒரு வாத்தியாரிடம் மிருதங்கத்துக்குச் சேர்த்தோம். ஒரு வருஷம் கழித்து அவரே மணக்காட்டில் அக்கா வீட்டைத் தேடி வந்து சொன்னார்: "தாளம் தப்பறதுன்னு சொல்ல மாட்டேன். இவன் கைக்கு வந்தா அது உக்காந்துடறது. எழுப்பி விட என்னால ஆகலை."

கல்யாணமும் அப்படித்தான். பதினேழு பெண் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும், "யோசிச்சுச் சொல்லுகேன் சித்தி" என்பான். யோசித்து முடிப்பதற்குள் பெண்ணுக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்திருக்கும். அதில் ஒருத்தி, எங்கள் மாமா மருமகளுக்குத் தங்கை, அவள் மகள் இப்போது எஞ்சினீயரிங் படிக்கிறாள். இவன் இன்னும் யோசிக்கிறான்.

இப்படிப்பட்டவனுக்கென்றே உலகத்தில் ஒரு சங்கீதம் இருந்திருக்கிறது. ட்ரிப் ஹாப் என்று பெயர். வெள்ளைக்காரர் ஊரில் உண்டானது. தாளம் இருக்கும், ஆனால் வேலைக்குப் போக மனசில்லாதவன் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற நடையில் இருக்கும். அடியில் தும் தும் என்று ஒரு கனத்த ஒலி. பழைய இசைத்தட்டில் முள் உரசுகிற கரகரப்பை வேண்டுமென்றே சேர்ப்பார்கள். யாரோ எப்போதோ பேசியதில் ரெண்டு வார்த்தையை வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அதன்மேல் ஒரு பெண்குரல், வீட்டு வேலையெல்லாம் முடித்துச் சுவரில் சாய்ந்தவள் தனக்குத்தானே பாடுகிற மாதிரி. இவன் காலேஜில் அதைக் கேட்டான். கிழக்கே கோட்டையிலிருந்து கழக்கூட்டம் போகிற பஸ், அந்த நெரிசலில் என்ன வேகத்தில் போகுமோ அதுவே தன் பாட்டின் வேகம் என்று வைத்துக்கொண்டான். இப்போது கழக்கூட்டத்தில் மேம்பாலம் வந்து பஸ் வேகமாகிவிட்டது. பாட்டு வேகமாகவில்லை.

குரலுக்கு ஆள் கிடைத்தது ஆபீசில். ஓணத்துக்கு எல்லாரும் கைதட்டிப் பாடிக் குதித்தபோது, ஸ்வப்னா என்று பேரூர்க்கடைப் பெண், அன்று நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல், பேர் கொடுத்துவிட்டோமே என்று எழுந்து நின்று ஒரு பாட்டை இழுத்து இழுத்துப் பாடி உட்கார்ந்தாள். யாரும் கைதட்டவில்லை. நீலகண்டன் மட்டும் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்க் கேட்டானாம்: "அடுத்த தடவையும் காய்ச்சலோட பாட முடியுமா?"

அவளுக்குக் கல்யாணமாகி ஆறு மாசம். விஷயத்தைப் புருஷனிடம் சொன்னாள். ஸ்ரீகுமார் மின்சார ஆபீஸ் கிளார்க், நல்ல பையன். எதற்கும் நேரில் பார்த்துவிடுவோம் என்று அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மணக்காட்டுக்கு வந்தான். அக்கா அன்றைக்கு உளுந்தங்களி கிண்டியிருந்தாள், நல்லெண்ணெய் மிதக்க. ஒரு உருண்டை சாப்பிட்ட பிறகு அவனுக்குச் சந்தேகம் ஒன்றும் பாக்கி இல்லை. பதினைந்து வருஷம், சனிக்கிழமை தவறாமல் கூட்டி வந்தான். மாடியில் அவள் பாடுவாள், கீழே இவன் சாப்பிடுவான். மூன்று ஆல்பம் முடிவதற்குள் இவன் இடுப்பு நாலு அளவு கூடிவிட்டது.

உறவில் பேசினார்கள், பேசாமல் இருப்பார்களா? ஆணும் பெண்ணும் மாடியில் என்ன பாட்டு என்று ஒருத்தி கேட்டாள். அவள் யார் என்று சொல்ல மாட்டேன், இதையும் படிப்பாள். அக்கா அவளை மாடிக்கு அழைத்துப் போய் ஒரு பாட்டு முழுக்கக் கேட்க வைத்தாள். இறங்கி வந்து அவள் சொன்னது: "பாவம், அவங்களுக்குள்ள ஒண்ணும் இல்ல. அந்தப் பாட்டைக் கேட்டா யாருக்கும் ஒண்ணும் தோணாது."

ரெண்டு பேர் சேர்ந்து செய்வதற்கு ஒரு பெயர் வேண்டுமே. அதையும் அக்காதான் வைத்தாள், அவளுக்கே தெரியாமல். முதல் பாட்டைக் கேட்டுவிட்டு, "என்னலே இது? மழைக்காலத்து ஈரத்துணி மாதிரி தொங்குகு. என்னைக்குக் காயும்?" என்றாள். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஈரத்துணி என்றே பெயராகிவிட்டது. வைய வந்தவள் பெயர் வைத்தவளாக ஆனதில் அக்காவுக்கு இன்றைக்கும் கோபம்.

இனி அலமாரி. அக்கா கல்யாணத்துக்கு எங்கள் அப்பா வடசேரியில் சொல்லிச் செய்து கொடுத்த தேக்கு அலமாரி அது. ஆள் உள்ளே நின்று கதவைச் சாத்திக்கொள்ளலாம். பாட்டை ஒலிப்பதிவு செய்ய எதிரொலி இல்லாத இடம் வேண்டும். காசுள்ளவர்கள் சுவருக்குப் பஞ்சு அடிப்பார்கள். நீலகண்டன் வீடு முழுக்க அங்கங்கே கைதட்டித் திரிந்து பார்த்து, அம்மாவின் சேலைகளுக்கு நடுவில்தான் சத்தம் அப்படியே அடங்குகிறது என்று கண்டுபிடித்தான். ஸ்வப்னா அந்தச் சேலைகளை விலக்கிக்கொண்டு உள்ளே ஏறி நிற்பாள். கதவை ஒருச்சாய்த்து, இடுக்கு வழியாக மைக். மேலே ஃபேன் கிடையாது. முப்பது நிமிஷம் பாடி வெளியே வந்தால் ஆள் வியர்த்து நனைந்து பாச்சை உருண்டை வாசத்தோடு வருவாள். "அம்மே, ஞான் இப்போ ஒரு பழைய பட்டுச்சேலையாணு" என்பாள். ஒரு தடவை தம்பானூர் பக்கம் பெரிய ஸ்டூடியோவில் போய்ப் பாடிப் பார்த்தார்கள். சுத்தமாக வந்தது. ஆஸ்பத்திரி மாதிரிச் சுத்தம் என்று சொல்லி நீலகண்டன் அதைத் தூர எறிந்துவிட்டான். அலமாரியில் பாடினால்தான் ஈரத்துணி.

அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் கத்துவாள். "எனக்க முகூர்த்தப்பட்டு கசங்கிச்சுன்னா ரெண்டு பேரையும் உள்ளே வச்சுப் பூட்டிருவேன், பாத்துக்கோ!" கத்திவிட்டு வெள்ளிக்கிழமை சாயந்தரமே சேலைகளை நடுவில் ஒதுக்கி, ஓர் ஆள் நிற்க இடம் விட்டு வைத்திருப்பாள். கேட்டால் காற்றோட்டத்துக்கு என்பாள்.

போன வருஷம் ஸ்வப்னாவுக்கு நியூசிலாந்தில் வேலை சரியாயிற்று. குடும்பத்தோடு போகிறார்கள், திரும்பி வருகிற எண்ணம் இல்லை. அதனால் மூன்றாவது ஆல்பம்தான் கடைசி என்று முடிவானது. ஒன்பது பாட்டு. எட்டு முடிந்தது. ஒன்பதாவது இழுத்தது, நீலகண்டன் கைப்பட்ட பாட்டல்லவா. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலை விமானம், அதற்கு முந்தின சனிக்கிழமை மதியம் ஒலிப்பதிவு என்று வைத்தார்கள். அது தவறினால் ஆல்பம் இல்லை. அவனும் அவளும் பதினைந்து வருஷமாக ஒன்றாகச் செய்தது ஒரு பாட்டுக் குறைவாக நின்றுபோகும். அந்த வாரம் முழுக்க அவன் சோற்றில் மோர் விட்டானா ரசம் விட்டானா என்று அவனுக்கே தெரியாது.

வியாழக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தேன். இடவப்பாதி என்று சொல்கிற வைகாசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா மாடியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் போன் அடித்தது. சமுதாய சங்கத்து வாட்ஸப்பில் ஒரு படம், ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. வித்துரா தாணுமாலயன், தொண்ணூற்றொன்று, இயற்கை எய்தினார்.

"ஐயோ, தாணு அத்தான்!" என்று அக்கா அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

தாணு அண்ணாச்சி வித்துரா சந்தையில் கடை வைத்திருந்தவர். போனக்காட்டு எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள் அவர் கடையில் நிற்காமல் போக முடியாது. அக்காவின் காலமான புருஷனுக்கு அண்ணன் முறை. இருபது வருஷமாக எங்களில் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் தை மாசம் பிறந்தால் ஒரு கிலோ நல்லமிளகு மணக்காட்டுக்கு வந்துவிடும், யார் கையிலாவது கொடுத்து விடுவார். அக்கா வீட்டு ரசத்துக்குக் காரம் வித்துராவிலிருந்துதான்.

நீலகண்டன் சாயந்தரம் வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அக்கா தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். சாவுத்தீட்டை நாங்கள் புலை என்போம்.

"லேய், புலை வந்திருக்கு. பதினாறு நாளைக்கு விளக்கு இல்ல, கோயில் இல்ல, பாட்டு இல்ல."

அவன் அப்படியே நின்றான். "அம்மா, சனிக்கிழமை..."

"சனிக்கிழமைக்கு என்ன? பங்காளி செத்துக் கிடக்கான், மேல ஒருத்தி நின்னு பாடுவாளா?"

"அவரு நமக்குப் பங்காளிதானா? நல்லாத் தெரியுமா?"

இந்த உலகத்தில் அக்காவிடம் கேட்கக் கூடாத கேள்வி அது ஒன்றுதான். அவள் புருஷன் வீட்டு வம்சக் கிளை முழுக்க மாமியார் வாயால் கேட்டு மனப்பாடம் செய்தவள். எங்கள் பிறந்த வீட்டுக் கிளை என் கையில், அந்த வீட்டுக் கிளை அவள் கையில். அவள் கிளைக்குள் நான் கை வைக்க முடியாது, சாகும்வரை சொல்லிக் காட்டுவாள்.

விரலை மடக்கினாள். "உங்க அப்பாக்க தாத்தா ஈசுவரபிள்ளை. அவருக்கு மூணு மவன். மூத்தவரு ஒனக்க தாத்தா, ஒனக்க பேருதான். மூணாமத்தவரு செண்பகராமன். செண்பகராமனுக்க மவன் தாணு அத்தான். ஏழு தலைமுறைக்குப் புலை உண்டு. இது எத்தன? எண்ணு."

அவன் எண்ணவில்லை. நாற்பத்தாறு வயதில் அம்மா பேச்சை ஒரு தடவைகூடத் தாண்டாதவன். தாண்டுவதற்கும் ஒரு வேகம் வேண்டுமே.

அதோடு முடியவில்லை. சாவுச் செய்தி கேட்டபோது அவள் கை அலமாரிக்குள் இருந்ததல்லவா? கை பட்டது எல்லாம் தீட்டு என்று, பட்டு தவிர அத்தனை நூல் சேலையையும் இழுத்துப் போட்டு ஊற வைத்துவிட்டாள். முப்பத்தொரு சேலை. மாடியில் தகரக் கூரைக்கு அடியில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டிக் காயப் போட்டோம். எங்கே காய்வது? வெள்ளிக்கிழமையும் மழை. சாரல் அடித்து, காய்ந்த முனையும் நனைந்தது.

வெள்ளிக்கிழமை நீலகண்டன் லீவு போட்டு வித்துரா போய் நின்றுவிட்டு வந்தான். "கூட்டம் நெறைய, சித்தி. நான் யாருன்னு யாருக்கும் தெரியல. ஒருத்தர் மட்டும், மணக்காட்டுக்காரங்களான்னு கேட்டு ஒரு கட்டன்சாயா தந்தாரு." அந்தப் பால் விடாத சாயாவை அவன் ரெண்டு தடவை சொன்னான். சாயாவுக்காக இருக்காது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஸ்வப்னாவும் ஸ்ரீகுமாரும் வந்தார்கள். அக்கா வாசலிலேயே விஷயத்தைச் சொன்னாள். ஸ்வப்னா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"அம்மே, ஒரே ஒரு பாட்டு மாத்ரம். மெதுவாப் பாடுவேன்."

"நீ என்னைக்குட்டீ வேகமாப் பாடினே? மெதுவாப் பாடினாலும் பாட்டு பாட்டுதான்."

"எங்க வீட்டுலே எடுத்தால் மதியோ, போதாதோ?" என்று கேட்டான் ஸ்ரீகுமார்.

"உங்க வீட்டுல ஒரு திரைச்சீலைகூட இல்லையே, எல்லாம் பார்சல் பண்ணியாச்சே" என்றான் நீலகண்டன். "கிணத்துக்குள்ள பாடின மாதிரி இருக்கும்."

களி இல்லாத முதல் சனிக்கிழமை. ஸ்ரீகுமார் அடுக்களைப் பக்கம் ரெண்டு தடவை பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தான்.

பாடத்தானே கூடாது, மற்ற வேலை பார்க்கலாமே என்று ரெண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். நானும் சேலை திருப்பிப் போடுகிற சாக்கில் போனேன். நீலகண்டன் கம்ப்யூட்டரில் அந்த ஒன்பதாவது பாட்டைத் திறந்து ஹெட்போனில் ஒரு காதை எனக்கும் வைத்தான். தும்... தும்... கரகரப்பு. பிறகு ஒரு பெண்குரல்: "ஈசுவரபிள்ளைக்கு மூணு மவன்." மறுபடி: "ஈசுவரபிள்ளைக்கு மூணு மவன்." மறுபடியும் அதேதான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "லேய், இது அக்கால்லா?"

"பையச் சொல்லுங்கோ சித்தி!" என்றான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கிளை சொன்னபோது ஒரு சின்ன ரெக்கார்டரைப் பக்கத்தில் வைத்து எடுத்திருக்கிறான். அதில் நாலு விநாடியை மட்டும் வெட்டிப் பாட்டுக்குத் தாளமாக வைத்திருக்கிறான். அம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லை.

ஸ்வப்னா கேட்டாள்: "சேட்டா, இதிண்டெ பாக்கி உண்டோ? நான் நாலு செகண்ட்தானே கேட்டிருக்கேன். போகிறதுக்கு முன்னாடி முழுசும் கேக்கணும்."

எடுத்துக் கொடுத்தான். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். நாங்கள் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தோம். இருந்தாற்போல் அவள் கண்ணைத் திறந்தாள்.

"சேட்டா, சுவீகாரம்னு சொன்னா தத்தெடுக்கறது அல்லே?"

"ஆமா."

"தத்துப் போனவங்களுக்கு இந்த வீட்டுப் புலை உண்டோ?"

நீலகண்டன் கையிலிருந்த சேலையைப் போட்டான். ஹெட்போனைப் பிடுங்கிக் காதில் வைத்தான். பிழை கண்டுபிடிக்கிறது அவன் உத்தியோகம் என்று சொன்னேனே, பன்னிரண்டு வருஷம் கையிலேயே வைத்திருந்ததில் கண்டுபிடிக்கவில்லை. வெட்டின இடத்துக்கு அடுத்த மூச்சில் இருந்திருக்கிறது.

அவன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினான். அவன் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அக்கா கூடத்தில் நாற்காலியில் இருந்தாள். கம்ப்யூட்டரை அவள் மடியில் வைத்து, ஹெட்போனை அவள் காதில் மாட்டினான். அவள் தள்ளிவிடப் போனவள், கையை எடுத்துக்கொண்டாள். முகம் மாறியது. மெல்ல எழுந்தாள், கம்ப்யூட்டரைக் கீழே விழாமல் ஸ்ரீகுமார் பிடித்தான். முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"எங்க மாமியா" என்றாள் தாழ்ந்த குரலில். "எங்க மாமியாக்க குரலுல்லா இது. எப்போலே எடுத்தே? அவங்க போயி முப்பத்தஞ்சு வருசம் ஆச்சே!"

"அம்மா, அது நீங்க."

"போலே."

"நீங்கதான். முருங்கைக்கீரை உருவிக்கிட்டே சொன்னீங்க. சத்தம் கேக்கலியா?"

இன்னொரு தடவை போடச் சொன்னாள். இந்தத் தடவை வெளியே எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான். அக்காவின் குரல், பன்னிரண்டு வருஷம் இளையது, கூடத்தில் எழுந்தது: "ஈசுவரபிள்ளைக்கு மூணு மவன். மூத்தவரு நீலகண்டபிள்ளை. நடுவுள்ளவரு சின்னதுலே போயிட்டாரு. மூணாமத்தது செண்பகராமன், அது ரெண்டு வயசுல கோட்டாத்துப் பெரியம்மை வீட்டுக்குச் சுவீகாரம் போயிட்டு. வித்துரா தாணு அத்தான் அவருக்க மவன்தான். பாசம்னா அப்படிப் பாசம், ஆனா நம்ம புலைக்குள்ள வரமாட்டாரு."

 அக்கா உட்கார்ந்தாள். முந்தானையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டாள். மாமியார் இல்லை என்று தெரிந்த பிறகு எதற்கு?

"நானா சொன்னது?"

"நீங்கதாம்மா."

"அப்போ சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அவ்வளவுதான். எங்களில் யார் சொல்லியிருந்தாலும் ஏற்றிருக்க மாட்டாள். அந்த வீட்டில் அவள் பேச்சை மறுக்க அவளைத் தவிர ஆள் கிடையாது.

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாள். "புலை இல்லேன்னா துக்கமும் இல்லேன்னு ஆயிருமா? மொளகு தந்த கையில்லா." ஸ்வப்னா அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அம்மையின் குரல் ஒன்பதாவது பாட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று சொன்னாள். அக்கா அந்தக் கையை விடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. ஒரு பாட்டு பாக்கி இருந்தால் இந்தப் பெண் என்றைக்காவது திரும்பி வருவாள் என்று அக்கா நினைத்தாளோ என்னவோ. சுவீகாரத்தை அவள் நிஜமாகவே மறந்தாளா என்று நான் கேட்கவில்லை. நானும் அதே அப்பாவுக்குப் பிறந்தவள், எதைக் கேட்கக் கூடாது என்று தெரியும்.

"அம்மா, அப்போ பாடலாமா?" என்றான் நீலகண்டன்.

"பாட்டுக்குள்ள என்னைய வச்சிருக்கியாமே, அதப் போடு மொதல்ல."

போட்டான். தும்... தும்... ஈசுவரபிள்ளைக்கு மூணு மவன். ஈசுவரபிள்ளைக்கு மூணு மவன். அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"நிறுத்துலே! மூணு மவன் மூணு மவன்னு நாப்பது தடவை சொல்லுகா. அந்த மூணு பேரும் யாருன்னு சொல்ல விடாம கழுத்தை நெரிச்சு வச்சிருக்கே. கேக்கவன் என்ன நெனைப்பான்? இவளுக்கு அதுக்கு மேல தெரியாது போலன்னு நெனைப்பான். எனக்குத் தெரியாதா?"

"அம்மா, அது தாளத்துக்கு..."

"தாளம் கெடக்கட்டும். முழுசாப் போடு. மூத்தவருக்க மக்கமாரு, பேரன்மாரு, கொண்ட எடம், குடுத்த எடம் எல்லாம் வரணும். ஒரு பேரு விடப்பிடாது. விட்டா அந்த வீட்டுக்காரன் நாளைக்கு எனக்கக்கிட்ட கேப்பான். முழுசாப் போட்டா அலமாரியத் திறப்பேன். இல்லேன்னா புலை இல்லேன்னாலும் பாட்டு இல்ல."

நீலகண்டன் கணக்குப் பார்த்தான். முழுக் கிளை பதினோரு நிமிஷம். பாட்டு நாலு நிமிஷம். ஸ்வப்னா கடிகாரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சிரித்தாள். "போடு சேட்டா. பதினோரு மினிட். அம்மை பேரு சொல்லும், நான் இடையிலே இடையிலே பாடுவேன்."

அலமாரியைத் திறந்தால் உள்ளே எட்டுப் பட்டு மட்டும் தொங்குகிறது. நீலகண்டன் கைதட்டிப் பார்த்தான், தகர டப்பா மாதிரி முழங்கியது. சேலைகள் எங்கே? கூரைக்கு அடியில், முப்பத்தொன்றும் ஈரமாக. வேறு வழி இல்லை. இருந்த கொடிகளை அவிழ்த்து, மாடி அறைக்குள்ளேயே நெருக்கி நெருக்கிக் கட்டினோம். ஸ்ரீகுமார் ஆணி அடித்தான். நான்கு பக்கமும் சேலைச் சுவர், நடுவில் ஸ்வப்னா, அவள் கையில் மைக். நீலகண்டன் மறுபடியும் கைதட்டினான். சத்தம் சேலைக்குள் போய்த் திரும்பி வரவில்லை. தலையாட்டினான்.

"சொட்டுதே" என்றேன் நான். தரையில் அங்கங்கே சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"சொட்டட்டும் சித்தி" என்றான்.

அவள் பாடினாள். அக்காவின் பழைய குரல் பேர் சொல்லிக்கொண்டே போனது. ஒவ்வொரு வீடு முடிகிற இடத்திலும் ஸ்வப்னா ஒரு வரி பாடினாள். அக்கா வாசற்படியில் நின்று, பேர் சரியாக வருகிறதா என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தாள். ஏழாவது நிமிஷத்துக்கு மேல் மடக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். பட் பட் என்று ஈரத்துணி சொட்டியது. அது தாளத்தில் விழவில்லை, கொஞ்சம் பிந்திப் பிந்தியே விழுந்தது. நீலகண்டன் முகத்தைப் பார்க்கணுமே, நாலாவது சுற்றில் ஃபேன் டக்கென்று சொன்னபோது இருந்த அதே முகம்.

முடிந்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை: "கடைசி வரியில பேரை ஒழுங்காச் சொல்ல விட்டா என்னட்டீ? மேல ஏறிப் பாடிட்டே." இரண்டாவது வார்த்தை ஸ்ரீகுமாருக்கு. "மாவு இருக்கு. ஒரு பத்து நிமிசம் இரி, களி கிண்டுகேன்." பதினாறு அன்றைக்கு ஒரு குலை ரசகதலிப் பழத்தோடு அவள் வித்துரா போனாள், புலை இல்லாமலே.

ஆல்பம் வெளியாகி நாலு மாசம் ஆகிறது. எங்கெங்கோ ஊரில் யார் யாரோ கேட்கிறார்களாம். அந்த நீர் சொட்டுகிற சத்தத்தை எந்த மெஷினில் செய்தீர்கள் என்று ஒருவன் கேட்டு எழுதியிருந்தான். நீலகண்டன் யோசித்துக்கொண்டிருக்கிறான், இன்னும் பதில் போடவில்லை. ஸ்வப்னா சனிக்கிழமை தவறாமல் வீடியோ போட்டு அக்காவோடு பேசுகிறாள். அங்கே உளுந்து கிடைக்கிறது, நல்லெண்ணெய் கிடைக்கிறது, பதம் வரவில்லை என்று ஸ்ரீகுமார் பின்னாலிருந்து கத்துகிறான்.

பாட்டு முடிகிற இடத்தில், அந்தப் பழைய பதிவின் கடைசித் துண்டையும் நீலகண்டன் வெட்டாமல் விட்டுவிட்டான். ஒரு பேர் விடக்கூடாது என்றாளே, அந்தத் துண்டையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டான். ஸ்வப்னாவின் குரல் அடங்கும். சொட்டுவது நிற்கும். கீரை உருவுகிற சரசரப்பு. பிறகு அக்கா கேட்பாள்:

"என்னலே அதுல செவப்பா எரியுது? எடுக்கியா? அணைலே அதை."